காரணக்கா 'சரி' சொன்னாத்தான்

டீயில சர்க்கரை கம்மி பண்றதுக்கும் காரணம் எழுதித் தரச் சொன்ன மனுஷி இந்தப் பூலோகத்துலயே ஒருத்தங்கதான். எங்க காரணக்கா. அவங்க நிஜப் பேரு சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல உரக்கடைக்கு மாடியில எங்க ஆபீஸ். பஸ் கம்பெனிகளோட டிக்கெட் புக்கிங்கை நடத்துறது எங்க வேலை. அதுக்கான கம்ப்யூட்டர் மெஷினெல்லாம் எங்கேயோ கண்காணாத ஊர்ல வாடகைக்கு ஓடும். எத்தனை மெஷின், எப்படி ஓடணும்னு எல்லாத்தையும் இங்கே ஃபைல்ல எழுதி வெச்சிருப்போம். மூணு அடுக்கு. அடியில எல்லாருக்கும் பொது, அதுக்கு மேல ஒவ்வொரு கஸ்டமருக்கும் தனி, உச்சியில பண்டிகை. மேல் அடுக்குல எழுதினது கீழே இருக்கிறதை அமுக்கிடும்.

ஒரு எழுத்தை மாத்தினாலும் யாரு, எப்போ, எதுக்குன்னு பதிவாகணும். இன்னொருத்தர் 'சரி' சொன்னாத்தான் அது மெஷினுக்குப் போகும். 'சரி' சொல்ற உரிமை ரெண்டே பேருக்கு, அக்காவுக்கும் எனக்கும். சட்டம் போட்டதும் அக்காதான். அதைத் தன் டிபன் பாக்ஸ் வரைக்கும் இழுத்துக்கினு வந்தாங்க. "நேத்து சாம்பார் நல்லா இருந்துச்சே, இன்னிக்கு இன்னாத்துக்கு மாத்துனாங்க?"ன்னு அம்மாவுக்கே போன் போட்டு விசாரிப்பாங்க.

முதலாளி முன்னாடி போர்வெல் லாரி வெச்சிருந்தவர். மோட்டார் ஓடலைன்னா ஸ்டார்ட்டர்ல ஒரு தட்டு தட்டுவாரே, அதே கையோட இங்கேருந்தே கம்ப்யூட்டர் வழியா நேரா மெஷினுக்குள்ள பூந்து எதையாவது திருப்பிவிடுவார். கொஞ்ச நேரத்துல மெஷின் ஃபைலைப் பார்த்துப் பழையபடி ஆயிடும். இவர் மறுபடி திருப்புவார். அது மறுபடி பழசாகும்.

"எவனோ செய்வினை வெச்சுட்டான்யா!"ன்னு அலறி, வாசப்படியில பூசணிக்காய் உடைச்சார். உரக்கடைக்காரர் அதுல வழுக்கி விழுந்து எங்க பரம்பரையையே திட்டினார்.

அக்கா தலையையே நிமிர்த்தலை. "பூசணிக்கா வேணாம் சார். ஃபைல்ல எழுதுங்க. காரணம் போடுங்க."

அப்புறம் வந்துச்சு பொங்கல். எங்க பெரிய கஸ்டமர் உளுந்தூர்பேட்டை பஸ் ஓனர். இந்த வாட்டியும் புக்கிங் மாட்டிக்கிச்சுன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்னு கறாரா சொல்லிட்டார். அவர் போனா ஆபீஸுக்குப் பூட்டுதான், நான் மறுபடி சென்னைக்கு மூட்டை கட்டணும். புக்கிங் திறக்கற அன்னிக்குப் பார்த்து அக்கா லீவு. வெள்ளிமலையில இருக்கிற அவங்க அக்கா வூட்டுக்கு பஸ் ஏறிட்டாங்க.

காலையில திறந்ததும் கூட்டம் மொய்ச்சு புக்கிங் திக்குமுக்காடிப் போச்சு. ஓனர் போன்ல கத்தறார். முதலாளி என் தலைக்கு மேல நின்னுக்கினு, "மெஷினை ஜாஸ்தி பண்ணுப்பா! பொதுவுலயே போடு!"ன்னு குதிக்கிறார். அவர் சொன்ன இடத்துலயே போட்டு, காரணம்: 'அவசரம்'னு எழுதி அக்காவுக்கு அனுப்பினேன். மலைமேல ஏது சிக்னல்?

கடைசியில ஒரு வளைவுல சிக்னல் கெடைச்சிருக்கு. அக்கா பஸ்ஸையே நிறுத்தி இறங்கிட்டாங்க. பதில் வந்துச்சு, 'முடியாது'ன்னு.

அழாத குறையா போன் போட்டேன். "அக்கா, உயிர் போவுதுக்கா!"

"அவசரம்னா அது ஒரு காரணமா?"

பின்னாடி கண்டக்டர் குரல்: "ஏம்மா, வர்றியா, வண்டிய எடுக்கவா?"

"இருங்கண்ணே, காரணமே எழுதாம மாத்திக்கினு இருக்கான்." அப்புறம் என்கிட்ட, "பொதுவுல போட்டிருக்கியேப்பா. எல்லா கஸ்டமருக்கும் அத்தினி மெஷின் ஏறிடும். வாடகை கட்ட சார் வூட்டைத்தான் விக்கணும்."

ஸ்பீக்கர்ல கேட்டுக்கினு இருந்த முதலாளி பொத்துன்னு நாற்காலியில உக்காந்துட்டார்.

எல்லாத்தையும் பண்டிகை அடுக்குக்கு மாத்தினேன். 'பொங்கல் கூட்டம். உளுந்தூர்பேட்டை பஸ்ஸுக்கு மட்டும். பொங்கல் முடிஞ்சதும் எடுத்துடணும்.'

"ஆங், இது காரணம்"ன்னாங்க. 'சரி' விழுந்துச்சு. புக்கிங் மூச்சு விட்டுச்சு. போன்ல, அக்கா வந்த பஸ்ஸுல இருந்து ஒரு பெரியம்மா குரல் மட்டும் கேட்டுச்சு: "அப்டியே எனக்கும் ஒரு சீட்டு போட்டு வுடு கண்ணு!"

அதுக்கப்புறம் முதலாளி மெஷின் பக்கமே கையை நீட்டினதில்ல.

போன ஆவணியில அக்காவுக்குக் கோயம்புத்தூர்ல நல்ல வேலை கெடைச்சுது. போயிட்டாங்க. "அந்தப் பொண்ணு பேரை 'சரி' சொல்றவங்கள்ல இருந்து எடுத்துடுப்பா"ன்னார் முதலாளி. அதுவும் ஒரு மாத்தம்தானே? காரணம் எழுதணும், இன்னொருத்தர் 'சரி' சொல்லணும். அந்த இன்னொருத்தரும் அக்காதான்! 'வேலையை விட்டுப் போயிட்டாங்க'ன்னு எழுதி அனுப்பினேன்.

உடனே போன். "போனது நடந்த விஷயம். எடுக்கறதுக்குக் காரணம் இன்னா?"

ரொம்ப நேரம் யோசிச்சேன். "ஒண்ணும் தோணலக்கா."

"அப்போ இருக்கட்டும், வுடு"ன்னாங்க.

முதலாளி அப்பப்போ கேப்பார், "எடுத்தாச்சா?"ன்னு. "காரணம் எழுதிக்கினு இருக்கேன் சார்"ம்பேன். அவரும் அதுக்கு மேல கேக்கறதில்ல.