ஏழு விநாடிப் புகழை அழித்த அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு, உன் தம்பி கடுங்கோபத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். குற்றவாளி தெம்பாக இருந்தால்தான் விசாரணை நன்றாக நடக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு நழுவிவிடுவாய். அதனால்தான் பதிவுத் தபால்.

பரணைச் சுத்தம் செய்தபோது அந்த கேசட் கிடைத்தது. ஆமாம், அதேதான். நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குப் பத்து வயது, உனக்குப் பதினாறு. ரேடியோவில் சிறுவர் நிகழ்ச்சிக்குப் பதினேழு விடுகதை எழுதிப் போட்டு ஒன்றும் நடக்காமல், பதினெட்டாவதில் அறிவிப்பாளர் என் பெயரை வகுப்பு, வீட்டு எண்ணோடு வாசித்தாரே, ஏழு விநாடி! டேப் ரெக்கார்டரை ரேடியோவோடு ஒட்டி வைத்து, சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கிப் பதிவு செய்தவள் நீ. அப்பா இருமலைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டு முகம் சிவக்க உட்கார்ந்திருந்தார். மறுநாள் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவந்து வரிசையாக உட்கார வைத்துப் போட்டேன். ஒரு சத்தமும் இல்லை. மானம் போய், அழுதுகொண்டே மாடிக்கு ஓடினேன். நீ கொஞ்ச நேரம் கழித்து மேலே வந்து, "நான்தான்டா தெரியாம அழிச்சிட்டேன்" என்றாய். அன்றிலிருந்து இன்றுவரை, கேட்டால் ஒரு சிரிப்பு. ஒரு மன்னிப்பு உண்டா?

ஏதாவது மிச்சம் இருக்காதா என்ற நப்பாசையில் பழைய டேப் ரெக்கார்டரையும் இறக்கினேன். பெல்ட் இற்றுப்போயிருந்தது. மகளின் ரப்பர் பேண்டை மாட்டினேன். மெஷின் நாடாவைத் தின்ன ஆரம்பித்தது. பதறிப்போய் வெளியே இழுத்துக் கையில் வைத்திருக்கிறேன், உன் தம்பி பெண்டாட்டி வேர்க்கிறது என்று மின்விசிறியைப் போட்டாள். அவ்வளவுதான், என் இளமைக்காலம் முழுக்க விசிறியில் சுற்றிக்கொண்டு பளபளவென்று பறக்கிறது, நான் நாற்காலி மேல் ஏறிக் குதிக்கிறேன், "முதல்ல இறங்குங்க, இடுப்பு போயிடும்!" என்று அவள் கத்த, "இடுப்பு போனா போகட்டும், சுவிட்ச அணைடி!" என்று நான் கத்த, மகள் வந்து அணைத்துவிட்டு, "இதைக் கிளவுட்ல போட்டு வைக்கலியாப்பா?" என்றாள். பென்சிலை ஓட்டையில் விட்டுச் சுற்றலாம் என்றால் இந்த வீட்டில் ஒரு பென்சில் கிடையாது. கடைசியில் ஒரு கேரட்டைப் பென்சில் மாதிரிப் பட்டை வைத்துச் சீவி, அதைக்கொண்டு இரண்டு மணி நேரம் சுற்றினேன். போட்டால், கர்ர் என்றது. மாடு கத்துவது போல ஏதோ ஒன்று. உடனே ரப்பர் பேண்ட் அறுந்தது. என் பெயர் இல்லை.

ஆகவே, வருகிற வெள்ளிக்கிழமை உன் பணி ஓய்வு விழாவில் நான் பேச வேண்டுமென்றால், முதலில் நீ மைக்கைப் பிடித்து, உன் ஆபீஸ்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் வரமாட்டேன். தலைகீழாக நின்றாலும் வரமாட்டேன். அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். உனக்கு மட்டும் இப்போதைக்கு ஒன்றும் கிடையாது.

நீதி கேட்கும் உன் தம்பி

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தெருக்கோடி ரேடியோ மெக்கானிக் புது பெல்ட் போட்டுக் கொடுத்தார். மகள் கேசட்டை முழுசாக ஓடவிட்டாள். மாடு என்று எழுதினேனே, அது நான்தான்: "சத்தம் போடாதீங்கடா, இப்ப என் பேரு வரும்!" அப்புறம் என் அழுகை, மாடிப்படியில் ஓடுகிற சத்தம். அப்புறம் நீ, ரகசியமாக: "அப்பா, அவன்கிட்ட சொல்லிடாதீங்க. கேக்கறதுக்கும் சிவப்புப் பொத்தானைச் சேர்த்து அமுக்கிட்டான். அவனே அழிச்சுட்டான்னு தெரிஞ்சா தாங்கமாட்டான். நான் அழிச்சேன்னே இருக்கட்டும்."

நாலு தடவை போட்டுக் கேட்டேன் அக்கா. நான் அழுகிறேன், உன் தம்பி பெண்டாட்டி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். மேலே எழுதிய எதையும் படிக்காதே. வியாழக்கிழமையே வந்துவிடுகிறோம். மைக்கை முதலில் என்னிடம் கொடு.