மார்ட்டினின் பிள்ளைகள்

ஒரே அப்பாவுக்குப் பிறந்த இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் சாப்பிட்டால், அது காணிப் பிரச்சினைதான். இதற்கு எனக்கு யாரும் ஆதாரம் காட்டத் தேவையில்லை. நான் மன்னார்க்காரன்.

பலெர்மோவில், மொண்டெல்லோ கடற்கரை விடுதி ஒன்றில் சாப்பாட்டறை வேலைக்கு என்னைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். முதலாளி சிஞ்ஞோராவுக்குப் பிடித்தால் நிரந்தர ஒப்பந்தம் தருவார். ஒப்பந்தம் இருந்தால்தான் என் பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் இருக்கும் அனுமதி, புதுப்பிக்கப்படும். ஆகவே வாயைத் திறக்காமல் கோப்பி ஊற்றுவது என்று முடிவெடுத்தேன். (முடிவெடுத்தபோது என் வாயைக் கலந்தாலோசிக்கவில்லை.)

அந்தக் கிழமை பிரான்சிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார், மிசியூ மார்ட்டின். ஒரு பெண்ணும் தனியாக வந்திருந்தார், மத்மசேல் மார்ட்டின். வேறு வேறு மேசை. காலை வணக்கம்கூடக் கிடையாது.

எங்கள் வழக்கத்தில் பெயரோடு ஒட்டியிருப்பது அப்பாவின் பெயர். என் அப்பாவும் மார்ட்டின்தான். என் சட்டையில் குத்தியிருந்த பெயர்த்தகட்டிலும் அதுவே இருந்தது. எனவே இவர்கள் அண்ணனும் தங்கச்சியும். மூக்கு வேறு ஒரே மாதிரி. (அப்போது எனக்கு எல்லா வெள்ளைக்காரர் மூக்கும் ஒரே மாதிரி.)

“பாவங்கள். தகப்பன் செத்தாப்பிறகு பிரிஞ்சிருக்கினம் போல,” என்றேன் மனைவி ரெஜினாவிடம்.

“உங்களுக்கென்ன? கோப்பியை ஊத்திப்போட்டு வாங்கோ. பெர்மெஸ்ஸோ முடியப் போகுது.”

“ஓம், ஓம்.”

எங்கள் ஊரில் மனஸ்தாபக்காரர்களை ஒரே பந்தியில் இருத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது. மறுநாள் மாலை, மற்ற மேசைகள் எல்லாம் பதிவாகிவிட்டன என்று பொய் சொல்லி, இருவரையும் கடலைப் பார்த்த மேசையில் எதிரெதிரே இருத்தினேன். மெழுகுதிரியும் ஏற்றினேன். அவர் உப்பை நீட்டினார். அவள் வாங்கினாள். எனக்குக் கண் கலங்கியது.

சொல்லிச் செய்வித்த கஸ்ஸாத்தா கேக்கைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். அதன்மேல் ‘கடைசியில் ஒன்றுசேர்ந்தோம்’ என்று இத்தாலியனில் எழுதியிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு அம்மா உள்ளே வந்தார். மிசியூவின் மனைவி, விமான நிலையத்திலிருந்து நேரே வருகிறார். அவருக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரியும்.

“ஆர் இந்தப் பொம்பிளை?”

“எனக்குத் தெரியாது,” என்றார் மிசியூ. முழு உண்மை. எந்த மனைவியும் நம்பாத உண்மை.

நான் குறுக்கே போனேன். “பிழையா நினைக்காதேங்கோ, மடம். இது அவரின்ரை தங்கச்சி.”

“இவருக்குத் தங்கச்சி இல்லை.”

(இங்கேயாவது நிறுத்தியிருக்கலாம்.)

“இருக்கு. மாமனார் உங்களிட்டச் சொல்லேல்லைப் போல.”

சிஞ்ஞோரா சமையலறையிலிருந்து வந்துவிட்டார். என் பெர்மெஸ்ஸோ கடலில் மிதந்து போவது எனக்குத் தெரிந்தது. இருவருக்கும் அப்பா மார்ட்டின் என்று விளக்கினேன்.

“என்ரை அப்பா லூயி,” என்றார் மிசியூ.

“என்ரை அப்பா பிலிப்,” என்றாள் மத்மசேல். பிறகு பொறுமையாகச் சொன்னாள். ஏழைக்குத் தன் போர்வையை வெட்டிப் பாதி கொடுத்த புனித மார்ட்டினின் பெயரை அந்தக் காலத்தில் ஊரூராகப் பிள்ளைகளுக்கு வைத்தார்களாம். பிற்பாடு அந்தந்த ஊர் மார்ட்டினின் பெயர் அவரவர் வம்சத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒருவருக்கொருவர் சொந்தமில்லை. இன்றைக்குப் பிரான்சில் இதைவிட அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயர் கிடையாது.

அந்த அம்மா என் பெயர்த்தகட்டை வாசித்தார். கணவரைப் பார்த்தார்.

“அப்ப இவர் உங்கட தம்பியோ?”

கேக்கை வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

மறுநாள் சிஞ்ஞோரா ஒப்பந்தம் தந்தார், சலவை அறைக்கு. “பெட்சீற்றுக்குக் குடும்பப் பெயர் இல்லை,” என்றார்.

இத்தாலியில் என் மகளுக்கும் குடும்பப் பெயர் மார்ட்டின். எங்கள் வழக்கப்படி பார்த்தால் அவள் என் அப்பாவின் பிள்ளை. இந்தக் கதையை ரெஜினா அவளுக்குச் சொல்லிக் கொடுத்த நாளிலிருந்து, நான் எதற்காவது ஏசத் தொடங்கினால் அவள் தலையை நிமிர்த்தாமல் ஒரே பதில்தான் சொல்கிறாள்:

“சரி, அண்ணா.”