வேலாயிக்கு ஒரு பிணம் தேவை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்துக் காம்பிரா வீட்டு வேலாயி ரேடியோவில் பாடிப் பெரிய ஆளான வரலாறு, நாட்டு மக்கள் யாவரும் அறிய வேண்டியது.

அப்பா இல்லாத பிள்ளை. சின்ன வயதிலேயே இழவு வீடுகளில் ஒப்பாரி பாடி, அங்கே கொடுக்கும் ரொட்டியையும் தேத்தண்ணியையும் தின்று வளர்ந்தாள். பொகவந்தலாவையில் யாரும் சாகாத மாதம் அவள் பட்டினி.

அவள் குரலைக் கேள்விப்பட்டு ரேடியோ உத்தியோகத்தர்கள் கொழும்பிலிருந்து வந்தார்கள். மேலதிகாரி துரைராசா, யாழ்ப்பாணத்தவர்.

"பாடு பிள்ளை. பிடிச்சுதெண்டால் நிரந்தர உத்தியோகம்."

"பொணமில்லாம ஒப்பாரி வச்சா குடும்பத்துக்கு ஆகாதுங்க ஐயா."

உடனே உயர்மட்டக் கூட்டம் கூடியது. பிணத்தை அரசாங்கமே வழங்குவதெனத் தீர்மானமாயிற்று. கூட வந்த பியோனைப் பிணமாகப் படுக்கச் சொன்னார்கள்.

"ஒரு பியோனுக்கு நாடே அழுறதோ? மூப்பின்படி நானெல்லோ படுக்கவேணும்!" என்று துரைராசா சட்டை கசங்காமல் படுத்தார். வேலாயி அவர் பேர் சொல்லி மாரடித்து அழுதாள். பியோன் தேம்பினான். பிணமும் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

ரேடியோவில் கேட்டு நாடே உருகியது. 'இந்த மண்ணின் குரல்' என்று பத்திரிகைகள் எழுதின. கொழும்புச் சீமாட்டிகள் பிறந்தநாள் விருந்தில்கூட ஒப்பாரி வைத்தார்கள். அதுதான் நாகரிகமாம்.

சம்பளப் பகுதியிலும் யாரோ கேட்டு அழுதிருக்கிறார்கள். துரைராசாவின் சம்பளம் நின்றது. ரேடியோ பொய் சொல்லாது. உயிரோடிருக்கும் அத்தாட்சியைச் செத்த ஊரிலேயே வாங்கி வரவேண்டும் என்றார்கள். வேலாயியின் உத்தியோகமும் நின்றது. குரல் இந்த மண்ணுடையதுதான். ஆனால் தோட்டத்துச் சனம் இந்தியாவிலிருந்து வந்தவர்களாம்; ஆள் இந்த நாட்டுப் பிரஜை என்பதற்கு, தகப்பன் இங்கே பிறந்த அத்தாட்சி வேண்டுமாம்.

இருவரும் ஒரே அரசாங்கக் கந்தோர் வரிசையில் நின்றார்கள். என் பிரஜாவுரிமைக்காக முழங்கால் வலியோடு நானும் நின்றேன்.

"நீங்க செத்ததுக்காச்சும் ரேடியோ சாட்சி இருக்குங்க ஐயா. எங்கப்பா பொறந்ததுக்கு யாரு இருக்கா?" என்றாள் வேலாயி.

கிளார்க்கு அவளை அடையாளம் கண்டு துள்ளினார். "அட, வேலாயியம்மா! உங்கள் விண்ணப்பம் செல்லாது. ஒரு பாட்டுப் பாடுங்களேன்!"

"யாருங்க படுக்கிறது?"

கிளார்க்கு பின்வாங்கினார். துரைராசாவைப் பார்த்தார்.

"இன்னொருக்கால் சாக என்னால ஏலாது," என்றார் அவர்.

கிளார்க்கு எங்கள் பக்கம் திரும்பினார். "எந்தப் பதிவிலும் இல்லாதவர் செத்தால் கந்தோருக்கு வேலையில்லை. யாராவது படுங்கள்."

நான் படுத்தேன். காலையிலிருந்து நின்ற முழங்காலுக்கு, பொய் சொல்வானேன், சுகமாகத்தான் இருந்தது. வேலாயி என் பேரைச் சொல்லி அழ ஆரம்பித்தாள்.

வருஷக்கணக்காக அந்தக் கந்தோருக்கு நடக்கிறேன். என் பேரை அங்கே ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.