மட்டக்களப்பு மூடி

'டங்' என்ற சத்தத்தோடு மூடி ஜாடிக்குள் விழுந்தது.

துர்காவும் அவளிடம் வேலை செய்யும் பானுமதியும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அடியில் அது பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

"என்னக்கா, உள்ள பூந்துக்கிச்சு?" என்றாள் பானுமதி.

விருத்தாசலத்தில் துர்கா நடத்திய பீங்கான் பட்டறைக்கு அதுதான் முதல் வெளிநாட்டு வேலை. இரண்டு நாட்டுக் கைவினைக்காரர்களைச் சேர்த்துவைக்கும் திட்டம். ஒரே பொருளில் பாதி இங்கே. மறுபாதி இலங்கையில், மட்டக்களப்பில் கனகா என்ற பெண்ணின் பட்டறையில். இடையில் இருந்த ஆபீஸ்காரர்கள் சொன்னது அவ்வளவுதான்: "நீங்க ஜாடி செய்ங்க, மிச்சத்த அவங்க அனுப்புவாங்க."

புதுச்சேரிக் கண்காட்சியில் பிடித்துப்போனால் இரு பட்டறைகளுக்கும் வருஷம் முழுக்க வேலை. சூளை அணைந்தே கிடந்த மாதங்களைத் துர்கா இன்னும் மறக்கவில்லை.

மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த மூடியை வெளியே எடுத்துத் துடைத்தாள். குழிந்த வட்டத் தட்டு, நடுவில் குமிழ், குமிழில் சிறு துளை.

"ஆவி போவ ஓட்ட கூட வுட்டிருக்காங்க பாரு. என்னா நுணுக்கம்!"

"அளவ வுட்டுட்டாங்களேக்கா. போன் போட்டுச் சொல்லிடலாம்."

"மொத மொதல்ல சேந்து வேல செய்யறோம். எடுத்தவுடனே குத்தம் சொல்றதா? நம்ம ஜாடி வாயச் சுருக்கிடுவோம்."

அகலவாய் ஜாடிகளைப் பட்டறைப் பெண்கள் புளி போட்டு வைக்க வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

புதிய ஜாடி சூளையில் எதிர்பார்த்ததைவிடச் சுருங்கிவிட்டது. மூடி உட்காரவே இல்லை. அடுத்ததில் வாயைக் கொஞ்சம் தாராளமாக விட்டாள். உட்கார்ந்தது, தொட்டால் ஆடியது. மறுநாள் கண்காட்சி. பானுமதி பஞ்சர் கடைக்கு ஓடி, சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிவந்து விளிம்பில் மாட்டினாள். ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் மூடி அசையவில்லை.

புதுச்சேரி பஸ்ஸில் துர்கா அதை மடியில் வைத்து, பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டே போனாள்.

கண்காட்சியைத் திறந்துவைத்த அதிகாரி, "உள்ள பாக்கலாமா?" என்று குமிழைப் பிடித்தார். வரவில்லை. சிரித்துக்கொண்டே இழுத்தார். பிறகு சிரிக்காமல் இழுத்தார். உதவியாளர் ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அந்த உதவியாளரைப் பிடித்துக்கொண்டார். போட்டோக்காரர் மரியாதையாகக் கேமராவைத் தாழ்த்தினார்.

"நல்லா... உறுதியா இருக்குது" என்று சொல்லிவிட்டு அதிகாரி அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

துர்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்தா கனகா வந்து சேர வேண்டும்! விமானம் தாமதமாம். கழுத்தில் பெயர் அட்டை, கையில் ஒரு சின்ன எண்ணெய்ப் போத்தல். ஜாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எதையோ தேடுகிறவள்போல முகம் வாடியது.

துர்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பு எங்க மேலதாங்க. மொதல்ல செஞ்ச ஜாடிக்கு வாய் அகலமாப் போயிடுச்சு. உங்க மூடி உள்ள வுழுந்துடுச்சு. சொன்னா உங்க மனசு நோவுமேன்னு, நாங்களே வாயச் சுருக்கிட்டோம்."

கனகா ஜாடியைப் பார்த்தாள். துர்காவைப் பார்த்தாள்.

"மூடியோ? அது உள்ளுக்க இறக்கி வைக்கிற விளக்கு, அக்கா."