தகடு அடித்த அடுப்பு

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. உத்தமபாளையம் தாண்டி பஸ் பஞ்சராகி நின்றபோது, புளியமர நிழலில் இன்னாசியம்மாள் சொன்னது. அவர் சின்னப்பராஜ் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் முக்கால்வாசிதான் கட்டியிருந்ததால் அவர் காதுக்கு எதுவும் தப்பவில்லை. கூட்டிச் சொன்னது எது, குறைத்துச் சொன்னது எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. கேட்டபடியே எழுதுகிறேன்.

எண்பத்தைந்தாம் வருஷம். புகையில்லா அடுப்புத் திட்டம் அந்த ஊருக்கு வந்த சமயம். மேகமலை அடிவாரத்தில் விறகு பொறுக்கப் போன பெண்களை வனக்காவலர்கள் விரட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி விறகில் சோறு பொங்கும், வீட்டுக்குள் புகை தங்காது என்றது அரசாங்கம். அதற்கு விதிகளும் இருந்தன. அடுப்பின் வாய் ஒரு சாணைத் தாண்டக் கூடாது. குழாய் கூரைக்கு மேல் இரண்டடி நிற்க வேண்டும். சமையலறைக்கு ஜன்னல் வேண்டும், கூரையை ஒட்டி வெண்டிலேட்டர் வேண்டும். இதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சூப்பர்வைசர். அவர்தான் சின்னப்பராஜ்.

பார்ப்பார். சைக்கிளிலிருந்து இறங்காமல் பார்ப்பார். ஓட்டுக்கு மேல் குழாய் தெரிந்தால் அடுப்பு பாஸ். குழாய்க்குக் கீழே அடுப்பு இருக்கிறதா, அடுப்புக்குப் பக்கத்தில் ஜன்னல் இருக்கிறதா என்பதெல்லாம் அந்தந்த வீட்டுக்காரர்களின் மனசாட்சியைப் பொறுத்தது. ஒரு பீடி அணைவதற்குள் ஒரு தெரு முடிந்துவிடும்.

சொந்த வீட்டில் அடுப்படி என்பது பின்பக்கம் இறக்கிய ஒரு சாய்ப்பு. ஜன்னல் இல்லை. காலையில் அதற்குள் போகும் அவர் மனைவி வியாகுலமேரி எப்போது வெளியே வருவார் என்று இருமலை வைத்துத்தான் சொல்ல முடியும். முதலில் புகை வரும், அடுத்து இருமல் வரும், கடைசியில் ஆள் வருவார். மாதா கோயில் பூசைக்குப் போனால் அந்தச் சிவந்த கண்களைப் பார்த்துவிட்டு, இவ்வளவு உருக்கமான பக்தி இந்தப் பங்கில் வேறு யாருக்கும் இல்லை என்று சாமியார் சொன்னாராம்.

"ஊருக்கெல்லாம் குழா வச்சுக் குடுக்கிறீக. நம்ம வீட்டுக்கு ஒண்ணு வைக்கக் கூடாதா?"

"சூப்பர்வைசர் வீட்டுக்கு முதல்ல வச்சா ஊரு என்ன பேசும்?"

"அப்ப கடைசியா வைங்க."

"கடைசி வீடு இன்னும் வரலையே, மேரி."

அந்த வீட்டுக்கென்று வந்த குழாய் முன்னறையின் கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தது. முன்னறைதான் சின்னப்பராஜின் பெருமை. சிமெண்டுத் தரை. எதிரெதிராக இரண்டு ஜன்னல். கூரையை ஒட்டி வெண்டிலேட்டர். ஊரிலேயே விதிப்படி கட்டிய அறை அது ஒன்றுதான், அதில் சமைக்கத்தான் யாரும் இல்லை. அவருடைய மேஜை, கட்டில், மின்விசிறி எல்லாம் அங்கே. இருமல் சத்தம் அவ்வளவு தூரம் வராது.

இப்படியே போயிருக்கும். உத்தமபாளையத்தில் நடந்த கூட்டத்தில் மதுரையிலிருந்து வந்த அதிகாரி பேச்சுவாக்கில் கேட்டுவிட்டார்.

"உங்க வீட்டுல அடுப்பு எப்படி வேலை செய்யுது?"

"பிரமாதமா இழுக்குதுங்க சார்," என்றார் சின்னப்பராஜ். மழைக்குழாயை நினைத்துச் சொன்னாரோ என்னவோ.

"அப்ப வெள்ளிக்கிழமை வந்து பாக்கிறேன். சரியா இருந்தா மாதிரிச் சமையலறைன்னு தகடு அடிச்சிரலாம். உங்க வேலையை நிரந்தரம் பண்றதுக்கும் எழுதிரலாம்."

சரியாக இல்லாவிட்டால் என்ன எழுதுவார் என்று அவர் சொல்லவில்லை. வழியெல்லாம் சின்னப்பராஜ் அதைத்தான் யோசித்துக்கொண்டு சைக்கிள் மிதித்தார். வீட்டு வாசலுக்கு வரும்போது ஒரு திட்டம் கைவசம் இருந்தது.

"இன்னாசியக்கா வீட்டுக் குழாயை ஒரு நாளைக்கு இரவல் வாங்குறேன். நம்ம அடுப்படி ஓட்டு மேல கயித்தக் கட்டி நட்டு வைக்கிறேன். அவரு ரோட்டுல நின்னு பாப்பாரு. காப்பி குடிப்பாரு. போயிருவாரு."

"உள்ள வந்து அடுப்பப் பாக்க மாட்டாகளா?"

"எதுக்குப் பாக்கணும்? நான் என்னைக்காவது பாத்திருக்கேனா?"

வியாகுலமேரி உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். "ஜீப்புல வர்ற மனுசரு சைக்கிள்ல வர்ற மனுசரு மாதிரியா பாப்பாக?"

சின்னப்பராஜ் கீழே உட்கார்ந்துவிட்டார். "வேலை போயிரும், மேரி."

"போகாது. முன்னறையில ஜன்னல் இருக்கா?"

"ரெண்டு இருக்கு."

"வெண்டிலேட்டரு?"

"அதுவும் இருக்கு."

"அப்ப அடுப்ப அங்கன போடுங்க. அதுதான் நம்ம அடுப்படின்னு காமிப்போம்."

"என் கட்டிலு?"

"பின்னாடி சாய்ப்புல தூக்கிப் போட்டுக்குவோம். ஒரு நாளைக்குத்தான."

சின்னப்பராஜ் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று இன்னாசியம்மாள் சத்தியம் செய்கிறார்.

மறுநாளே மழைக்குழாயைக் கழற்றி வைத்து, களிமண்ணும் சாணியும் நறுக்கிய வைக்கோலும் குழைத்து வேலை தொடங்கியது. பயிற்சி வாங்கிய கை. ஆனால் பயிற்சிக்குப் பிறகு மண்ணைத் தொடாத கை. பக்கத்தில் வியாகுலமேரி இடுப்பில் கை வைத்து நின்றார்.

"வாய் பெருசா தெரியுதே."

"ஒரு நாள் அடுப்புக்கு இது போதும்."

"அவுக டேப்பு கொண்டு வந்தா?"

சின்னப்பராஜ் இடித்துவிட்டு மறுபடி கட்டினார்.

"குழா மேல ரெண்டடி நிக்குதா?"

"நிக்கும்."

"ஏறி அளந்துருங்க."

ஏறினார். நாலு விரல் குறைந்தது. இறங்கி, மண்ணைக் குழைத்து, மறுபடி ஏறினார். ஊரெல்லாம் அவர் பாஸ் போட்ட அடுப்புகளில் எந்த அடுப்பையும் இப்படி யாரும் மேற்பார்வை பார்த்ததில்லை. தன் வேலை எவ்வளவு சிரமம் என்று சின்னப்பராஜுக்கு அன்றுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். டேப் கொண்டு வந்திருந்தார். தராசும் கொண்டு வந்திருந்தார். விறகை நிறுத்து, இரண்டு குழியிலும் பானை வைத்துத் தண்ணீரை அளந்து ஊற்றி, பற்ற வைக்கச் சொன்னார். இரண்டு பானையும் கொதித்தன, பாதி விறகு மிச்சம் கிடந்தது. சுவரை விரலால் தடவி விரலைப் பார்த்தார். வெளியே போய் ஓட்டுக்கு மேல் எழும் புகையைப் பார்த்தார்.

"இவ்வளவு சுத்தமா கட்டின அடுப்ப நான் வேற எங்கயும் பாக்கல," என்றார்.

சின்னப்பராஜின் கண்களில் நீர் வந்தது. அந்த அறையில் புகையே இல்லாததால் காரணத்தை மறைக்க வழியில்லாமல் போயிற்று. நிலைக்கதவில் தகடு அடித்தார்கள். ஜீப் வரைக்கும் போய் வழியனுப்பியது வியாகுலமேரிதான். சின்னப்பராஜ் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலையில் கடப்பாரையோடு முன்னறைக்கு வந்தார். உள்ளே வியாகுலமேரி தோசை வார்த்துக்கொண்டிருந்தார்.

"தள்ளு மேரி. கட்டிலு வரணும்."

"தகடு அடிச்ச அடுப்ப இடிச்சா அரசாங்கச் சொத்த இடிச்ச கேஸாம். நிரந்தரமான வேலையும் போயிருமாம்."

"யாரு சொன்னா?"

"சார்தான் ஜீப்புல ஏறும்போது சொன்னாக. அடுப்பு எரியிற அறையிலதான் எரியணுமாம். எப்ப வேணாலும் வந்து பாப்பாகளாம்."

"அப்படி எந்த விதியில இருக்கு?"

"நீங்கதான சூப்பர்வைசரு. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுது?"

சின்னப்பராஜ் அந்த விதிகளை முழுதாகப் படித்ததில்லை. அதை யாரிடமும் சொல்ல முடியாது, மனைவியிடம் நிச்சயமாக முடியாது. "ஆமா, இருக்கு இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தார். பின்பக்கம் அவருடைய கட்டில் கிடந்தது.

வேலை நிரந்தரமாயிற்று. கட்டிலும் அங்கேயே நிரந்தரமாயிற்று. சாய்ப்பில் அடுப்பு இல்லையே தவிர, அத்தனை வருஷத்துக் கரியும் இருந்தது. ஓடு அசைந்தால் தலையில் உதிரும். சலவைச் சட்டையில் கோடு விழும். ஜன்னல் இல்லாத அறையில் அவர் புழுங்கிக் கிடக்க, பொட்டிப்புரத்திலிருந்தும் கெங்குவார்பட்டியிலிருந்தும் பெண்களை வேனில் ஏற்றி வந்து மாதிரிச் சமையலறையைக் காட்டினார்கள். விளக்கம் சொல்ல வேண்டியவர் சூப்பர்வைசர். "சமையலறைக்குக் காத்து ரொம்ப முக்கியம்," என்று அவர் சொல்ல, வியாகுலமேரி மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்.

இருமல் மட்டும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் தட்டிப் பார்த்த டாக்டர், இனி அதிகமாகாது, ஆனால் இருப்பது குறையாது என்றாராம். "கொஞ்சம் முந்தியே வச்சிருக்கலாம்ல," என்று டாக்டர் கேட்டதற்கு, "எங்க வீட்டுக்காரரு ரொம்ப நேர்மையானவுக," என்றாராம் வியாகுலமேரி. இதைச் சொல்லும்போது இன்னாசியம்மாள் சிரிக்கவில்லை. பஸ்ஸும் தயாராகிவிட்டது.

எனக்கு மனசு கேட்கவில்லை. தகடு அடித்த அடுப்பை இடம் மாற்றக் கூடாது என்று நிஜமாகவே விதி உண்டா? கதை கேட்டதற்கு அடுத்த வருஷம் மதுரையில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது அந்த அதிகாரியையே தேடிப் பிடித்துக் கேட்டேன்.

"அப்படி எதுவும் இல்லையே," என்றார் அவர். "அந்தம்மாதான் ஜீப்புக்குப் பக்கத்துல வந்து, 'அப்படி ஒரு விதி போட முடியுமா சார்'னு கேட்டாங்க. முடியாதும்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."