வேலையில்லாதவர் இல்லாத வீடு

நாட்டின் வேலையின்மை வீதம் காலாண்டுக்குக் காலாண்டு குறைந்துவருவதாகப் பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள். குறைப்பவை தொழிற்சாலைகள் என்று நினைத்திருந்தால் மன்னிக்கவும். தகப்பன்மார் குறைக்கிறார்கள். பெற்ற பிள்ளை வேலையில்லாமல் இருக்கிறது என்று வாயால் சொல்லாத தகப்பன் எல்லாத் தீவிலும் உண்டு. நான் அறிந்தவர் ஊர்காவற்துறையில் நண்டு பிடிக்கும் பஸ்ரியாம்பிள்ளை.

இவருடைய மகள் மேர்சி பட்டம் பெற்று இரண்டு வருடம். நாற்பத்தொரு விண்ணப்பம் அனுப்பி, மூன்று நேர்முகத்துக்கு யாழ்ப்பாணம் போய், ஒன்றும் சரிவராமல் அவள் வீட்டில் இருக்க, தகப்பனார் வாயாலேயே அவளைச் சந்தையில் வைத்து ஒரு வங்கியில் சேர்த்தார், துறைமுகத்தில் வைத்துக் கொழும்புக்கு அனுப்பினார், ஒரு கலியாண வீட்டில் பதவி உயர்வும் கொடுத்தார். சம்பளம்தான் கொடுக்கவில்லை.

வேலை தேடுகிறாள் என்று சொன்னால் என்ன? கேட்டவர் "பாவம்" என்று தலையாட்டிவிட்டுப் போவாரே. அந்தத் தலையாட்டலைத் தாங்கும் தகப்பன் இன்னும் பிறக்கவில்லை.

போன மாதம், வேலையுள்ளவர் இல்லாதவரைப் பதியும் தொழிற்படைக் கணக்கெடுப்புக்கு நிசாந்தினி என்றொரு பெண் வந்தார். பஸ்ரியாம்பிள்ளை கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, இந்த வீட்டில் வேலையில்லாதவர் எவருமில்லை என்று அவர் பேனை எடுக்கமுன்னரே அறிவித்தார். மகள் வேலை தேடுகிறாவா என்று கேட்டதற்கு, வேலைதான் அவவைத் தேடித் திரிகிறது என்றார்.

குசினிக்குள் நின்ற மேர்சி தன் விண்ணப்பக் கோவையோடு வெளியே வந்தாள்.

"அக்கா, வேலை இல்லையெண்டு எழுதுங்கோ. நான் கேட்ட வேலையெல்லாம் இதுக்குள்ள கிடக்கு."

நிசாந்தினி தாள்களைப் பொறுமையாகப் புரட்டினார். பிறகு, போன கிழமை ஒரு மணித்தியாலமாவது குடும்பத் தொழிலில் உதவினீரா என்று கேட்டார். தினமும் காலையில் தகப்பனின் வலையில் நண்டு கழற்றிக் கொடுத்ததை மேர்சி மறைக்கவில்லை. சம்பளம் இல்லாவிட்டாலும் அது வேலைதானாம், விதி அப்படி. மேர்சி தொழில் செய்வோர் பட்டியலில் ஏறினாள்.

"நான் சொன்னனான்தானே" என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, கடற்றொழிலாளர் சங்கத்துக்குப் பொறுப்பான மரியநாயகி, லீவில் வந்திருக்கிறாளாக்கும் என்று எண்ணி, கொழும்பு வேலை எப்படிப் போகிறது என்று மேர்சியை விசாரித்தார். தகப்பன் வாய் திறக்கமுன், தனக்கு எங்கேயும் வேலையில்லை என்று அவள் சொல்லிவிட்டாள்.

"சங்கத்தில கடிதம், கணக்கு எழுதிற லிகிதர் வேலை இருந்தது, பிள்ளை. முதல்ல உம்மைத்தான் நினைச்சனான். உமக்குக் கிடைச்சிட்டுதெண்டு அப்பா சொன்னவர். சித்திரையில அனலைதீவுப் பிள்ளை ஒண்டுக்குக் குடுத்திட்டம்."

இருவரும் வீட்டுப் படலைக்கு வந்துசேர்ந்தார்கள்.

"எனக்குத் தெரியாது, பிள்ளை" என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

"ஊருக்கும் தெரியாது, அப்பா" என்றாள் மேர்சி.

அன்று அவர் மத்தியானச் சோறு சாப்பிடவில்லை. மறுநாள், நண்டு வாங்க வந்த வியாபாரியிடம், மகள் வேலை தேடுகிறா, எங்கேயாவது இருந்தால் சொல்லும் என்றார். இரண்டு வருடத்தில் முதல்தடவை. பகிடி விடுகிறார் என்று வியாபாரி சிரித்துவிட்டு நண்டை நிறுத்தார். பஸ்ரியாம்பிள்ளை தராசுத் தட்டைக் கையால் பிடித்துக்கொண்டு இன்னொருமுறை சொன்னார்.

வாசகரே, உங்கள் மகன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால், "ஒரு கோர்ஸ் செய்யிறான்" என்று எவ்வளவு விரைவாக உங்கள் வாயில் வருகிறது? அவ்வளவு அவசரம் வேண்டாம். கேட்பவரின் கையில் ஒரு வேலை இருக்கலாம்.