பர்மிட் மாமா கண்ணாடிக்குள் இருந்த இருபத்து நாலு மணி நேரம்

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை 9.10. சிதம்பரத்தில் ஒரு மாடி வீட்டின் குளியலறையை எட்டிப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு மஞ்சள் ஹெல்மெட். ஹெல்மெட்டுக்குக் கீழே பர்மிட் மாமா. அவர் இடுப்பில் ஒரு நைலான் கயிறு. மறுமுனையை என்னிடம் நீட்டினார்.

"புடி மாப்ள. நீதான் ஸ்டாண்ட்பை."

கடலூர் மாவட்டத்தில் அவரைவிடப் பத்திரமான மனிதர் இதுவரை பிறக்கவில்லை. இனி பிறந்தால் மாவட்டம் தாங்காது.

குடிகாடு பக்கம் ஒரு கெமிக்கல் ஃபேக்டரியில், பாதுகாப்புப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர். அங்கே ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பு ஒரு தாள் எழுத வேண்டும். என்ன வேலை, யார் செய்வது, என்ன ஆபத்து, எத்தனை மணி வரை. அதற்குப் பெயர் ஒர்க் பர்மிட். ஓய்வு பெற்றபோது மாமா வேலையை விட்டார், தாளை விடவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் நான் அவருக்குப் பக்கத்து வீட்டில் ஒன்பது வருடம் குடியிருந்தேன். பல்பு மாற்ற ஒரு பர்மிட், தென்னை மட்டை இழுக்க ஒரு பர்மிட். மகள் செல்வியின் கல்யாணத்தில் ஓமம் வளர்ப்பதற்கு முன்பு, நெருப்பு சம்பந்தப்பட்ட வேலை என்று ஐயரிடம் கையெழுத்து வாங்கினார். மணமேடைக்குப் பக்கத்தில் இரண்டு வாளி மணல் இருந்தது. கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையைவிட அந்த வாளிகள் நன்றாகத் தெரியும்.

செல்விக்குச் சிதம்பரத்தில் பள்ளிக்கூட வேலை. கணவர் துபாயில். கைக்குழந்தையோடு மூன்று மாதம் அலைந்து, பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி இந்த வீட்டைப் பிடித்தாள். குளியலறையில் ஷவருக்கென்று ஒரு மூலையைக் கண்ணாடியால் தடுத்திருந்தார்கள். கண்ணாடியின் அடியில் பூசியிருந்த பசை கிழிந்து தண்ணீர் வெளியே ஓடியது. ஓடிய தண்ணீர் தளத்தில் இறங்கி, கீழே வீட்டுக்காரரின் பூஜை அறையில் சொட்டியது. பிள்ளையார் படம் ஊறிப்போய்த் தும்பிக்கை வீங்கியிருந்தது.

"ஞாயித்துக்கெழம பன்னண்டு மணிக்கு வந்து பாப்பேன். ஒரு சொட்டு எறங்கினாலும் வீட்ட காலி பண்ணிக்கம்மா" என்று அவர் சொல்லிவிட்டார்.

செல்வி ஆள் கூப்பிட நினைத்தாள். மாமா விடவில்லை. முப்பது வருடத்தில் அவர் பசை பூசியதே கிடையாது. பூசுகிறவர்களுக்குத் தாள் எழுதிக் கொடுத்ததோடு சரி. போனில் ஒரு வீடியோவைப் பதினோரு முறை பார்த்துவிட்டு, ஒரு சிலிக்கான் ட்யூபும் அதை அழுத்தித் தள்ளும் கன்னும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். கண்ணாடித் தடுப்புக்குள் நுழைவது ஃபேக்டரி டேங்குக்குள் இறங்குவதற்குச் சமம் என்பது அவர் கணக்கு. டேங்குக்குள் இறங்கினால் வெளியே ஒரு ஆள் கயிற்றோடு நிற்க வேண்டும். அதனால்தான் நான்.

"மாமா, மேல தொறந்துதான இருக்கு? காத்து வருதே."

"ஸ்டாண்ட்பைங்கறவன் வேல செய்றவன்கிட்ட பேசக்கூடாது. கேஸ் கசிஞ்சா மட்டும் பேசலாம்."

கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பழைய பசையை பிளேடால் சுரண்டினார். துணியால் துடைத்தார். செல்வியின் ஹேர் டிரையரால் காய வைத்தார். அது சூடு என்பதால் தனித் தாள். பிறகு கயிற்றைக் கண்ணாடிக்கு மேல் வழியாக விட்டு, கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு உள்ளே குந்தினார். முதல் அடி மண்புழு போல வந்தது. இரண்டாவது அடியில் மண்புழு பாம்பானது. சோப்புத் தண்ணீர் தொட்டு விரலால் நீவியபோது, பாதி பசை கண்ணாடியிலும் மீதி மீசையிலும் ஒட்டியது. ஆனால் மூன்றாவது அடியிலிருந்து கை பிடிபட்டுவிட்டது. தரையோரம் நேராக ஒரு கோடு. சுவரோரம் ஒரு கோடு. அழகாகவே இருந்தது.

பர்மிட்டில் அவர் எழுதியிருந்தது: 'கண்ணாடியைச் சுற்றியுள்ள எல்லா இடைவெளியும் அடைக்க வேண்டும்.' எழுதியதைப் பாதியில் விடுவது அவர் வழக்கமில்லை. சுவர் முடிந்ததும் கதவுக்குத் திரும்பினார். கதவின் அடி. கீல் பக்கம். கைப்பிடிப் பக்கம்.

நான் வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"கேஸா?"

"இல்ல மாமா."

"அப்ப பேசாத."

11.40க்கு ட்யூபின் கடைசிச் சொட்டும் கதவில் ஏறியது. மாமா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கதவைத் தள்ளக் கையை நீட்டினார். கை அந்தரத்தில் நின்றது.

"இப்ப பேசலாமா மாமா?"

"பேசு."

"எப்படி வெளிய வருவீங்க?"

செல்வி குழந்தையோடு ஓடி வந்தாள். "நீங்க பாத்துக்கினுதான இருந்தீங்க?" என்று என்னைக் கேட்டாள். கேஸ் எதுவும் கசியவில்லை என்று சொன்னேன்.

"தள்ளிட்டு வாங்கப்பா. திரும்பப் பூசிக்கலாம்."

"காய இருபத்து நாலு மணி நேரம்னு ட்யூபுல போட்டுருக்கு. இப்ப மணி பதினொன்னு நாப்பது. அவர் நாளைக்குப் பன்னண்டுக்கு வராரு. கடைக்குப் போயி வாங்கியாந்து திரும்பப் பூசினா நேரம் பத்தாது."

"பத்தலன்னா வேற வீடு பாத்துக்கறேன்."

"எங்க பாப்ப? புள்ளய தூக்கிக்கினு இன்னும் மூணு மாசம் அலையப் போறியா?"

கண்ணாடி ஆறரை அடி. அதற்கு மேலே கூரைவரை வெற்றிடம். ஏறிக் குதிக்கலாமே என்றேன். மாமா பேனாவும் தாளும் கேட்டார். மேல் வழியாகக் கொடுத்தேன். ஆறடிக்கு மேல் ஏறினால் உயர வேலை. அதற்கு ஒரு பர்மிட் எழுதினார். ஆபத்து என்ற இடத்தில் 'கண்ணாடி அசையும், பசை பிரியும்' என்று எழுதினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு 'அனுமதி மறுக்கப்படுகிறது' என்று எழுதித் தனக்கே கையெழுத்துப் போட்டு, எங்கள் பக்கம் காட்டினார்.

செல்வி ஸ்டூல் எடுக்கப் போனாள்.

மேல் வழியாக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போனது. தலையணை போனது. இட்லி, கயிற்றில் கட்டிய டிபன் பாக்ஸில் இறங்கியது. ஒரு பழைய பெயிண்ட் டப்பாவும் போய் வந்தது. அதைப் பற்றி இவ்வளவு போதும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பர்மிட்டைப் புதுப்பிக்க என்னிடம் கையெழுத்து வாங்கினார். மாலையில் பேத்தி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தாத்தாவுக்குக் கை காட்டினாள். தாத்தா ஹெல்மெட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, ஒங்கப்பா இன்னா தப்பு பண்ணாரு?" என்று கேட்டார்.

ஞாயிறு பன்னிரண்டுக்கு வீட்டுக்காரர் வந்தார். கண்ணாடிக்குள் ஹெல்மெட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரை ஒரு நிமிடம் பார்த்தார்.

"இவர் யாரும்மா?"

"எங்கப்பா."

"எப்ப வெளிய வருவாரு?"

"நீங்க பாத்து முடிச்சதும் வருவேன் சார்" என்றார் மாமா. "கீழ போயி சாமி ரூமுல நில்லுங்க. நான் தொறக்கறேன்."

வீட்டுக்காரர் கீழே போனார். செல்வி நடுப்படியில் நின்றாள். மாமா உடுத்திய உடையோடு ஷவரை முழுதாகத் திறந்தார். ஹெல்மெட்டின் மேல் தண்ணீர் தகரக் கொட்டகை மழை போலக் கொட்டியது. பதினைந்து நிமிடம் அப்படியே நின்றார்.

"சொட்டுதாம்மா?"

"இல்லியாம்ப்பா."

"மூலையில பாக்கச் சொல்லு."

"பாத்துட்டாராம். காஞ்சிருக்காம்."

"திரும்பப் பாக்கச் சொல்லு."

வீட்டுக்காரர் மேலே ஏறி வந்தார். "இருந்துக்கம்மா, நீ எங்கயும் போக வேணாம்" என்றார். செல்வி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரரே பிளேடு கொண்டுவந்து கதவோரப் பசையை மட்டும் அறுத்தார். கதவுக்கு ரப்பர் பட்டை போதும் என்று அவர் சொன்னபோது, மாமா அதைத் தாளில் குறித்துக்கொண்டார். மற்ற பசை இன்றுவரை அப்படியே இருக்கிறது.

மூன்றரை மணி பஸ்ஸில் கடலூருக்குத் திரும்பினோம். முதல் நாள் இரவெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர், புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். மீசையில் இன்னும் கொஞ்சம் சிலிக்கான் இருந்தது. நான் இப்போது குடியிருப்பது முதுநகரில். பஸ் அங்கே நின்று கிளம்பியது. நான் மாமாவோடு திருப்பாதிரிப்புலியூரில் இறங்கினேன்.